பீலிக்கு மேலே ஒரு லீக்ஸ் பாத்தி

1. முருகையா அண்ணன் சொன்னது

"இதப் புடுங்கணும்னா என் மகளையும் பள்ளிக்கூடத்துல இருந்து புடுங்கிறணும் மிஸ். சொல்றதா இருந்தா ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க."

முருகையா அண்ணன் மண்வெட்டியைப் பாத்தியின் ஓரத்தில் ஊன்றி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு இதைச் சொன்னார். சண்டைக்கு நிற்கவில்லை. மழை வரப்போகிறது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். அவருக்குப் பின்னால், வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் வரிசை வரிசையாக, பார்க்கவே ஆசையாக நின்றது.

பாத்திக்கு நேர் கீழே பீலி. மலையில் ஊறும் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கும் இடத்தை எங்கள் பக்கத்தில் பீலி என்போம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லா வீடுகளுக்கும் குடிக்க, குளிக்க, துவைக்க அந்த ஒரு தண்ணீர்தான். பாத்திக்குப் போடும் கோழி எரு மழையில் கரைந்து அந்தப் பீலிக்குத்தான் இறங்கியது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. முருகையா அண்ணனின் சின்ன மகள் தரணியே பதுளை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்து, முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

மூத்த மகள் நிரோஷா பதுளையில், பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரம் படிக்கிறாள், விஞ்ஞானப் பிரிவு. ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விஞ்ஞானம் படிக்கப் போன முதல் பிள்ளை. அவளுடைய பஸ்ஸுக்கும் டியூஷனுக்கும் காசு அந்த லீக்ஸிலிருந்து வந்தது.

பாத்தி இருந்தால் தண்ணீர் கெடும். பாத்தி போனால் நிரோஷாவின் படிப்பு போகும். இந்தக் கணக்கோடுதான் அன்று நான் இறங்கி வந்தேன்.

2. மூன்று மேசை, இரண்டு கதிரை

எங்கள் அறக்கட்டளையின் ஒபீஸ் பதுளைக் கடைத்தெருவில், ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கடையின் முதலாளி ரஸீன் நானாதான் தலைவர்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். ஊர்க் கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் கொடுப்பதில் நடக்கிறது. பெரிய நிறுவனம் அல்ல. கீழே தகரம் வெட்டுகிற சத்தத்தில் மேலே நடக்கும் கூட்டம் நின்றுவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, அறையில் மூன்று மேசைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே சுவரில் ஒரு பலகை: கல்வி, சுகாதாரம், சுற்றாடல்.

"ஒங்களுக்கு எந்த மேச வேணும் மகள்?" என்றார் நானா.

"கதிர எந்த மேசைல இருக்குதோ அது போதும் நானா."

மூன்று மேசைகளுக்கும் உட்காரக் கதிரை இரண்டுதான். நானா சிரித்துவிட்டு, கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். அந்த மனிதரை எனக்கு அன்றே பிடித்துப்போனது.

நான் பூனாகலைப் பக்கத்தில் ஒரு லயத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கேட்காதவர்களிடமும் சொல்லுவேன். கள உத்தியோகத்தர் என்ற பதவியோடு பஸ் ஏறித் தோட்டங்களுக்குப் போகிறபோது, என்னைப் பார்த்து நாலு பெண் பிள்ளைகளாவது நிமிர்ந்து உட்காரட்டும் என்று நினைப்பேன்.

புதிதாகச் சேரும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்று மேசைகளுக்கும் மூன்று குழுக்கள் இருந்தன. தனித்தனியாகக் கூடுவார்கள். கல்விக் குழு நிரோஷாவைப் பாராட்டி, மற்றப் பிள்ளைகளுக்கும் மாலை வகுப்பு தொடங்கியது. சுகாதாரக் குழு பீலித் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியது. குடிக்கக் கூடாது என்று முடிவு வந்தது. சுற்றாடல் குழு, பீலிக்கு மேலே உள்ள பாத்திகளை எடுத்துவிட்டு மரம் நட வேண்டும் என்று தீர்மானித்தது. மூன்றும் சரியான தீர்மானங்கள். மூன்றையும் ஒரே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவள் நான்.

3. புள்ளக்காம்பராவில் கூட்டம்

வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் புள்ளக்காம்பராவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். நானாவும் வந்திருந்தார். மேலே பாத்தி வைத்திருந்த இன்னும் சில வீட்டுக்காரர்கள் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

"நம்ம வீட்டுல தேத்தண்ணி போட்டா லீக்ஸ் சூப்பு வருது மிஸ்" என்று தொடங்கினார் மாரியம்மா அக்கா. முருகையா அண்ணனின் பக்கத்து வீடு. "அண்ணே, கொஞ்சம் உப்பும் போட்டு விட்டீங்கன்னா எங்களுக்கு வேல மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். முருகையா அண்ணனும் சிரித்தார். அவர் மனைவி பரமேஸ் அக்கா சிரிக்கவில்லை. தரணியை மடியில் படுக்க வைத்திருந்தார்.

"தண்ணியச் சுட வச்சுக் குடுன்னு இவரு என்னைய ஏசுறாரு மிஸ். வெறகு யாரு பொறுக்கிறது? கொழுந்து எடுத்துட்டு வந்து நான் வெறகுக்குப் போகவா, பிள்ளையத் தூக்கவா?"

நானா எழுந்தார். "முருகையா, மகளுக்கு பஸ் காசு, டியூஷன் காசு எல்லாம் நாங்க தாறோம். அந்தப் பாத்திய விட்டுருங்க. சரிதானே?"

"பெரிய மனசு மொதலாளி" என்றார் முருகையா அண்ணன். "இந்த வருசம் நீங்க இருக்கீங்க. அடுத்த வருசம் ஒங்க கமிட்டி மாறினா நான் யார்கிட்ட வந்து நிக்கிறது? லீக்ஸ்னா நான் யார்கிட்டயும் நிக்க வேண்டியதில்ல."

நானா உட்கார்ந்துவிட்டார். அவரும் வியாபாரிதான். மற்றவன் கையை நம்பி இருப்பது என்னவென்று அவருக்கும் தெரியும்.

அதுவரை பேசாமல் வாசலில் நின்ற நிரோஷா என்னைப் பார்த்தாள். "கல்விக்கு நானு, சொகாதாரத்துக்குத் தங்கச்சி, சுற்றாடலுக்கு அப்பா. ஒரே வீட்டுல மூணு வேலையையும் முடிச்சிட்டீங்க மிஸ்."

மறுபடி சிரிப்பு. ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை. நாளைக்குப் பஸ் ஏறுவோமா என்று தெரியாத பிள்ளையின் கண் அது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

கூட்டம் கலையும்போது முருகையா அண்ணனே ஒரு வழி சொன்னார். லயத்துக்குக் கீழே பழைய தேயிலை நர்சரி இருந்த இடம் சும்மா கிடக்கிறது. தண்ணீர் வடிந்து பள்ளத்துக்குப் போகும்; பீலிக்கு வராது. பாத்தி அங்கே இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும்.

"அப்ப லேசுதானே" என்றார் நானா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆளுக்கு ஒரு பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நானா நினைத்தது வேறு.

4. நானா எடுத்த போன்

அடுத்த வாரம் நான் லயத்துக்குப் போனபோது வழக்கமாக வரும் "வாங்க மிஸ்" வரவில்லை. பரமேஸ் அக்கா வாசலில் நின்றபடியே கேட்டார்.

"நீங்க லயத்துல பொறந்தவங்கதானே மிஸ்? ஒங்களுக்குமா தெரியாது?"

நடந்தது இதுதான். காலையில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து, லயத்தைச் சுற்றி யார் யார் எங்கே பாத்தி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார். வீட்டுக் கொல்லையில் நாலு மிளகாய்ச் செடி வைத்திருந்தவர்கள் கூடப் பயந்துபோயிருந்தார்கள்.

வெளியிலிருந்து வருபவர்களுக்கு இது விளங்காது. தோட்டத்து நிலம் கம்பனியுடையது. ஆனால் தேயிலை இல்லாத ஓரங்களிலும் சரிவுகளிலும் லயத்து ஆட்கள் காலங்காலமாக மரக்கறி போடுகிறார்கள். போடு என்று யாரும் சொன்னதில்லை, போடாதே என்றும் சொன்னதில்லை. தோட்டத்தின் முகாமையாளரை எல்லோரும் துரை என்போம். அவர் பார்த்தும் பார்க்காதது போலப் போவார். அந்த மரக்கறி நிலம் இருப்பதே யாரும் அதைக் கேட்காததால்தான். வாய்விட்டுக் கேட்டால் துரை கொழும்பில் உள்ள கம்பனிக்கு எழுத வேண்டும். கொழும்பு இல்லை என்று சொல்லும். அப்புறம் அவரால் பார்க்காதது போலப் போக முடியாது.

நான் ஒபீஸுக்குத் திரும்பி நானாவிடம் கேட்டேன்.

"ஓ, நான்தான் தொரைக்கு போன் எடுத்தேன்" என்றார் சந்தோஷமாக. "நர்சரிக் காணி சும்மாதானே ஈக்கி. அத சனங்களுக்குத் தாங்கன்னு கேட்டேன். கேட்டா தப்பா?"

"தப்புதான் நானா. கேக்காத வரைக்கும்தான் அது இருக்கும்."

நான் விளக்கமாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. ஹார்ட்வெயாரில் ஒரு ஆணி வேண்டுமென்றாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடைத்தெருவின் நேர்மை அது. அந்த நேர்மையால்தான் அவர் போன் எடுத்தார். அதனால் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

"இப்ப என்ன மகள் செய்றது?"

"நாம போய்ப் பாக்கணும். ஆனா நானா, அங்க நான் பேசுறேன். நீங்க தேத்தண்ணி குடிங்க."

5. துரை ஒபீஸில்

துரை சிங்களவர். தோட்டத்திலேயே பல காலம் இருந்ததால் எங்கள் தமிழையே பேசுவார். நானா ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொண்டுபோயிருந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, சொன்னபடி தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மொதலாளி போன்ல காணி கேட்டாரு" என்று துரையே தொடங்கினார். "கேட்டா நான் மேல எழுதணும். எழுதினா என்ன வரும்னு எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும்."

"காணி இல்ல சேர்" என்றேன். "நாங்க கேக்க வந்தது மரம் நட. பீலிக்கு மேல, தண்ணி ஊறுற எடத்தச் சுத்தி. கன்று நாங்க தாறோம், வேலியும் நாங்க போடுறோம்."

நானா கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை என்னை நிமிர்ந்து பார்த்தார். "அங்க இப்ப இருக்கிறது?"

"மரம் வந்தா மரம் மட்டுந்தான் இருக்கும் சேர்."

"இருக்கிறது எங்க போகும்?"

"அதப் பத்தி நாங்க ஒண்ணும் கேக்கலியே சேர்."

துரை போடாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் நிரோஷாவின் பஸ் அன்றோடு நின்றுவிடும். அவளோடு இன்னும் எத்தனையோ வீடுகளின் மிளகாயும் போஞ்சியும் போகும். அதை நான் யாருக்கும் திருப்பிக் கொடுக்க முடியாது.

துரை பேரீச்சம்பழப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லது. கேக்காதீங்க" என்றார். "மரம் நடுங்க. தண்ணியப் பாதுகாக்கிறது தோட்டத்துக்கும் நல்லதுதான், வந்து பாக்கிறவங்களுக்குக் காட்டலாம். கணக்கப்பிள்ளை எழுதினது ஒண்ணும் எனக்கு வரல்ல. அப்புறம் மிஸ், அந்தப் பழைய நர்சரிப் பக்கம் எனக்கு வேலையே இல்ல. நான் அங்குட்டுப் போறதே இல்ல."

வேனில் ஏறியதும் நானா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு காலம் வியாபாரம் செஞ்சீக்கிறன். ஒரு சாமான் பேரையே சொல்லாம வாங்கிட்டு வாறத இண்டைக்குத்தான் மகள் பாக்கிறன்."

6. இப்போது

லீக்ஸ் முற்றும் வரை முருகையா அண்ணன் காத்திருக்கவில்லை. மழைக்கு முன்னால் தானே பிடுங்கினார். பாதி வளர்ந்ததை வெலிமடை லொறிக்காரர் வாங்க மாட்டார் என்பதால் லயத்தில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். "இப்பதான் நெசமா சூப்பு" என்றார் மாரியம்மா அக்கா. பழைய நர்சரியில் முதல் விளைச்சல் வரும் வரைக்கும் மட்டும் நிரோஷாவின் பஸ் செலவை நாங்கள் பார்த்துக்கொள்ள அவர் சம்மதித்தார். அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம் என்றார். அப்படியே நடந்தது. மற்ற வீட்டுக்காரர்களின் பாத்திகளும் நர்சரிக்கு இறங்கிவிட்டன; பீலிக்கு மேலே கன்றுகள் வேலிக்குள் நிற்கின்றன. சுகாதாரக் குழு தண்ணீரை மறுபடி அனுப்பிப் பார்த்து, இனிக் குடிக்கலாம் என்று சொன்னது. தரணி புள்ளக்காம்பராவில் மற்றப் பிள்ளைகளின் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறாள் என்று புகார் வருகிறது.

எங்கள் மூன்று குழுக்களும் இப்போது ஒன்றாகத்தான் கூடுகின்றன. கதிரை போதாமல் சிலர் படியில் உட்காருகிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். மக்களுக்காகக் கேட்பது நம் வேலை. ஆனால் கேட்பதற்கு முன், "இல்லை" என்று பதில் வந்தால் அது யார் வீட்டில் போய் விழும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஒரு தீர்மானம் தோற்றது மட்டும்தான். அங்கே ஒரு பிள்ளை வீட்டில் நின்றுவிடும்.

போன வாரம் நிரோஷாவைப் பதுளை பஸ் ஸ்டாண்டில் கண்டேன். தோளில் பை, கையில் இரசாயனவியல் புத்தகம்.

"மிஸ், நர்சரி விசயம் எங்கயும் எழுத்துல இல்லதானே?"

"இல்ல."

"அப்ப நான் சோதன எழுதி முடிக்கிற வரைக்கும் துரைக்கு வேற தோட்டத்துக்கு மாற்றம் வரக்கூடாது."

"வந்தா நான் போய்ப் பேசுவேன்."

"என்ன பேசுவீங்க?"

"ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றி ஏறினாள்.