நடந்து போன சிவப்புக் கொடி

அந்தக் கொடியைத் திருடியவன் நான்தான். தண்டனையை வேறொருவர் அனுபவித்தார். தலை முழுக்க நரைத்து, மகள் என்னைக் கிழவா என்று கூப்பிடும் இந்த வயதிலாவது சொல்லிவிட வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். கல்கத்தாவில் பெஹாலாவுக்கு அப்பால் ராணுவத் துப்பாக்கிப் பயிற்சித் திடல் ஒன்றின் அலுவலகத்தில் அப்பா குமாஸ்தா. எனக்குப் பத்து வயது. எங்கள் தெருக்காரர்கள் கடைக்கும் பள்ளிக்கும் அந்தத் திடல் ஓரமாகத்தான் போய்வந்தார்கள். திடீரென்று முள்வேலி போட்டார்கள். அரை மணி நேரம் சுற்ற வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு வங்காள அம்மாளை மாஷி, அதாவது சித்தி, என்போம். துர்கா பூஜை விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை வேலியைத் தாண்டி ஊர்வலம் என்று அவர் அறிவித்துவிட்டார். கொடியோடு வருவதாகச் சொன்ன கட்சிக்காரர்கள் நழுவிக்கொண்டார்கள்.

“கொடி இல்லாம போனா கல்யாண ஊர்வலம்னு நெனப்பான்” என்று மாஷி புலம்பினார்.

கொடி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். திடலில் சுடும் நாட்களில் வேலியோரக் கம்பத்தில் ஒரு சிவப்புக் கொடி பறக்கும். அதை ஏற்றுபவர் ஆம்பூர்க்காரச் சிப்பாய். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்குச் சாம்பார் சாப்பிட வருவார். அண்ணா என்பேன்.

“செவப்புக் கொடி பறந்தா சுடுவாங்க. அந்தப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்காத” என்று அப்பா சொல்லியிருந்தார். நான் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்: கொடியை இறக்கிவிட்டால் சுடமாட்டார்கள்.

வியாழக்கிழமை காலை அண்ணா ஏற்றிவிட்டுப் போனதும் இறக்கினேன்.

“என் ஷோனா, என் தங்கமே, எங்கடா கெடச்சுது?” என்று மாஷி கன்னத்தைக் கிள்ளினார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கல்கத்தாவில் சிவப்புக் கொடிக்கு ஒரே பொருள்தான், கட்சிக்கொடி.

“சோல்பே நா, சோல்பே நா”, நடக்காது, நடக்காது என்று கத்தியபடி நாற்பது பேர் வேலியை மிதித்து உள்ளே போனோம். குண்டுகள் போய்த் தைக்கும் மண்மேட்டுக்கு முன்னால் வந்தபோது பட்டென்று ஒரு சத்தம். வாரந்தோறும் கேட்கும் சத்தம், யாரும் பொருட்படுத்தவில்லை. கொடியை இறக்கியும் ஏன் சுடுகிறார்கள்? மாஷியின் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

“பயந்தாங்கொள்ளி மதராஸி” என்று சிரித்துவிட்டு முன்னே நடந்தார். மேட்டில் மண் தெறித்தது.

அப்போதுதான் அண்ணா வந்தார். தலையில் தொப்பி இல்லை. இரண்டு கைகளையும் உயர்த்தியபடி ஓடிவந்து எங்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் நடுவே நின்றார். சத்தம் நின்றது.

“பாருங்கடா, மிலிட்டரி கையத் தூக்கிட்டான்” என்றார் மாஷி. கூட்டம் ஆர்ப்பரித்தது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அதிகாரி ஒருவர் வந்து, வியர்க்க வியர்க்கச் சமாதானம் பேசினார். பதினைந்து நாளில் வேலியில் ஒரு கேட் வந்தது, சுடாத நாளெல்லாம் திறப்பதற்கு. தெருவே சந்தேஷ் இனிப்பு தின்று கொண்டாடியது.

அண்ணா அப்புறம் சாம்பாருக்கு வரவில்லை. சட்டைக் கையில் இருந்த பதவிப் பட்டையைப் பறித்து வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றார் அப்பா. தோற்றுப்போனால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு, நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு அந்த அலுவலகத்துக்கு அனுப்பினேன். முடித்த கோப்பைத் திறக்க இயலாது என்று பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆம்பூர் போனேன். அண்ணா வாசித்துவிட்டு மடித்துத் தந்தார்.

“கொடி ஏத்த மறந்துட்டேன்னு நான்தான் சொன்னேன். உம்பேரு வந்தா உங்கப்பா வேலை போயிருக்கும்.”

“நான்தான்னு தெரியுமாண்ணா?”

“அந்தம்மா கையில என் கொடி. பக்கத்துல நீ. வேற யாரு எடுத்திருப்பா?” சிரித்தார். “அந்த கேட்டு இன்னும் தொறக்குறாங்களா?”

“தொறக்குறாங்க.”

“அப்ப ஜெயிச்சுட்டோம்ல” என்றவர், எனக்கும் சேர்த்து இலை போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

அன்று யார் தோளிலோ உட்கார்ந்துகொண்டு, இவர் கையைத் தூக்கிச் சரணடைந்துவிட்டார் என்று கைதட்டியவன் நான்.