நான்காவது குஞ்சம்

மிஸ்டர் லெவின் வீட்டில் கோப்பை கழுவ இரண்டு பஞ்சு. சிவப்பு இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு. மாறினால் வீடு இரண்டுபடும். பாத்தர்ஸ்ற் வீதியில் தனியே இருந்த அந்த யூதக் கிழவரின் வீட்டைக் கூட்டித் துடைக்கப் போன முதல் நாளே இதைப் பிடித்துக்கொண்டேன். மச்சச் சட்டியில் சைவம் காய்ச்சாத யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பாடமா? “உனக்கு விளங்குகிறது” என்று மெச்சினார். அந்த மெச்சல்தான் என்னைக் கெடுத்தது.

அவருடைய அலுமாரியில் ஒரு பிரார்த்தனைச் சால்வை இருந்தது. போலந்தில் அவருடைய தகப்பன் போர்த்தியது. தகப்பனை நாஜிகள் முகாமில் கொன்றுவிட்டார்கள். முகாமிலிருந்து தப்பிய லெவின் ஊர் திரும்பியபோது, பக்கத்து வீட்டுக்காரி அதை மேசையில் விரித்துச் சூப் குடித்துக்கொண்டிருந்தாளாம். பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். நாலு மூலையிலும் நூல் குஞ்சம் தொங்கவேண்டிய சால்வையில் மூன்றுதான் இருந்தன. நாலாவதை அவள்தான் அறுத்திருப்பாள் என்று நானே முடிவு கட்டினேன்.

அவர்களுடைய பெருநாள் வந்த கிழமை, அவர் டொக்டரிடம் போன நேரம் பார்த்து, மற்றக் குஞ்சங்களைப் பார்த்துப் பார்த்து நாலாவதைக் கட்டினேன். சாமி கும்பிடுகிற துணி மூளியாக இருக்கலாமா? அவர் வந்ததும் பெருமையோடு விரித்துக் காட்டினேன். தடவிக்கொண்டு போன கை அந்த மூலையில் நின்றது.

“இதை வெட்டியது நான். எங்களில் ஆணைப் புதைக்கும்போது சால்வையைப் போர்த்தி, ஒரு குஞ்சத்தை வெட்டிவிடுவோம். எனக்குப் புதைக்க உடம்பு கிடைக்கவில்லை. குஞ்சத்தை வெட்டித்தான் அப்பாவைப் புதைத்தேன். நீ தோண்டி எடுத்துவிட்டாய்.”

அவிழ்த்துவிடுகிறேன் என்றேன். கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார். “வெட்டு.”

வாங்கி மேசையில் வைத்தேன். என் கணவரை ஆமிக்காரர் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போய் ஏழு வருஷம், எப்படியும் வருவார் என்று லெவினிடம் ஒருமுறை சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லை எடுத்து என் முகத்தில் எறிந்தார்.

“என் சித்தியும் புருஷன் வருவான் என்று யன்னலடியில் இருபது வருஷம் இருந்தாள். உன் ஆளும் வரமாட்டான். வெட்டு!”

வெட்டினேன். நாளைக்கு எட்டு மணிக்கு வா என்றார்.

அஜின்கோர்ட்டில் என்னோடு அறை எடுத்திருக்கும் சாந்தியக்கா, அன்று நான் வந்ததும் வராததுமாகத் தொடங்கினார். “றிச்மண்ட் ஹில் கோயிலிலை கேட்டனான். உம்மடை மனுசனுக்கு அந்தியேட்டிக் கிரியையைச் செய்து விடும். அந்த ஆத்துமா எத்தனை நாளுக்கு அலையிறது?” ஊரிலிருந்து மாமி எழுதிய கடிதம் தலையணைக்குக் கீழே கிடந்தது. “அவன் வருவான். நீ பொட்டை அழிச்சியெண்டால் என்ரை பிள்ளையைக் கொன்றது நீதான்.”

பெட்டியைத் திறந்து என் கணவருடைய வேட்டியை எடுத்தேன். எனக்கும் புதைக்க அதைவிட வேறொன்றும் இல்லை. கரையில் கத்தரிக்கோலை வைத்தேன். ஒரு விரல் நீளம் போயிருக்கும், மாமியின் முகம் வந்தது. நிறுத்திவிட்டேன். மேலே வெட்டவும் மனமில்லை, வெட்டினதைத் தைக்கவும் துணிவில்லை. அப்படியே மடித்து வைத்தேன்.

காலையில் பொட்டு வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.