உவர்மண் பட்டதும் கறுத்த துணி

உலகப்போர் தொடங்கியிருந்த சமயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தோம். என் கணவருக்கு ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் வேலை. அவர் என் தாய்மாமன் மகன்தான். அந்த வருடம் எங்களுக்குத் தலைப்பிள்ளை பிறந்தான்.

பிள்ளை பெற்ற வீட்டுத் துணியை வீட்டில் துவைக்கக் கூடாது என்பது வழக்கம். எங்கள் தெருவுக்குத் துணி வெளுத்த அம்மாள்தான் எடுத்துப் போவார். என்னைவிடப் பல வயது மூத்தவர். ஆனாலும் நான் 'ஏட்டி' போட்டுத்தான் கூப்பிடுவேன். அப்படிப் பழகியிருந்தேன், வேறென்ன சொல்ல!

எட்டாம் நாள் வெளுத்து வந்த பிள்ளைத் துணியெல்லாம் மை கொட்டியதுபோல் திட்டுத் திட்டாகக் கறுத்துக் கிடந்தது. எனக்கு வந்ததே கோபம்!

"ஏட்டி, சாயத்துணியோட சேத்து அவிச்சியா? இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அவர் நேரே பிள்ளையிடம் போனார். தொட்டிலில் அப்போதுதான் நனைந்திருந்த துணியை உருவினார். அழுக்குப் போகப் போடும் உவர்மண்ணை மடியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் தேய்த்தார். ஈரம் பழுப்பாகி, என் கண்ணெதிரே கறுத்தது.

"எம்புட்டு அலசியும் போகல தாயி. துணியில கோளாறு இல்ல. பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பிள்ளை பிழைப்பானா என்று அழுதுகொண்டே மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டரம்மா கண்ணாடிக் குழாயில் மூத்திரம் பிடித்து, சோடாக் காரம் போட்டார். அதுவும் கறுத்தது! "நீங்க சொந்தத்துல கட்டினீங்களா?" என்று கேட்டார். தாய்மாமன் மகனைத்தான் என்றேன்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். டைரோசின் என்று ஒரு சத்தாம். பாலிலும் பருப்பிலும் உண்டு. உணவில் குறைந்தாலும் உடம்பே வேறொரு சத்திலிருந்து அதைச் செய்துகொள்ளுமாம். தோலுக்கும் முடிக்கும் கறுப்பு நிறம் கொடுப்பது அதுதானாம். மிஞ்சியதை உடம்பு எரித்துவிடும். என் பிள்ளைக்கு அந்த எரிப்பு பாதியில் நின்றுபோகிறது. எரியாத மிச்சம் மூத்திரத்தில் இறங்கி, காரம் பட்டதும் கறுக்கிறது; உவர்மண்ணும் காரம்தானாம். சொந்தத்தில் கட்டினால் இது வர வாய்ப்பு அதிகமாம். உயிருக்குப் பயமில்லை, வயதானால் மூட்டுவலி வரலாம் என்றார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

"யார் முதல்ல கவனிச்சது?" என்று கேட்டபோதுதான் அந்த அம்மாளை நான் விரட்டியது நினைவுக்கு வந்தது.

மறுநாள் அவர் துணி வெளுக்கும் துறைக்கே போய், "அக்கா, மன்னிச்சிருங்க" என்றேன். "பிள்ளை சுகந்தானா?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டரம்மா சொன்னபடியே மகனுக்கு இப்போது முட்டிவலி. அவன் முட்டிக்குத் தைலம் தேய்க்கும்போதெல்லாம், நான் கறையைப் பார்த்துக் கத்திய நேரத்தில் என் பிள்ளையைப் பார்த்த அந்த அக்காவை நினைத்துத் தலை குனிகிறேன்.