கூடையை இறக்கியும் வலித்த தலை

பதுளைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஜீவராணிக்கு முன்னால் தன் நிரையில் கொழுந்து பறித்து முடித்து இறங்கியவள் யாரும் கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வார்கள். அப்படிப்பட்டவளுக்குத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் தலைவலி வந்தது.

கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில் அழுத்துவதால், மலையில் எல்லாப் பெண்களுக்கும் தலை வலிக்கத்தான் செய்யும். லயத்து வரிசை வீடுகள் எல்லாமே ஒரே பேச்சாகச் சொன்னன: "கயித்து வலிடி. தைலம் போட்டுக் கட்டு." தோட்டத்து டிஸ்பென்சரியிலும் பனடோல் மாத்திரைதான் கொடுத்தார்கள். ஜீவராணி ஒப்பவில்லை.

"ஞாயித்துக்கெழம கூடையவே தொடல. படுத்தா இன்னும் பொளக்குது. கயிறு என்ன, எங்கூடவா படுத்துக் கெடக்கு?"

ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்து, தின்றதெல்லாம் வாந்தியான பிறகுதான் புருஷன் பொன்னையா பயந்துபோய்ப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

யாழ்ப்பாணத்து டாக்டர் ஆரூரன் சோதித்துவிட்டு, "அம்மா, முதுகிலை ஊசி போட்டுக் கொஞ்சம் தண்ணி எடுத்துப் பாக்கவேணும்" என்றார்.

பொன்னையா கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாங்க ஐயா. இடுப்பு விழுந்துட்டா எப்பிடிக் கூடை தூக்குவா?"

ஜீவராணிக்கும் அதே பயம்தான். கூடை தூக்காத ஜீவராணியை அவளாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"எடுத்த பொறகு நான் மலை ஏறுவேனாங்க?"

"ஊசியாலை இடுப்பு விழாது அம்மா. எடுக்காட்டித்தான் எனக்குப் பயம்."

அவள் புருஷனைப் பார்த்தாள். "நீங்க வெளிய நில்லுங்க. முதுகு என்னோடது." சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

அந்தத் தண்ணீரில் கறுப்பு மை கலந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, இருட்டில் விளக்கேற்றினாற்போல் வட்டம் வட்டமாகத் தெரிந்ததாம். மூளையைச் சுற்றிய சவ்வில் பூஞ்சணம். புறா எச்சம் கலந்த தூசியை மூச்சில் இழுத்ததால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

"மூளையில பூஞ்சணமா? நான் என்ன பேக்கரியில கெடக்குற பழைய பாணா?" என்றாள் ஜீவராணி.

குளுக்கோஸோடு மருந்து ஏறும்போதெல்லாம் கட்டிலே ஆடுமளவுக்குக் குளிர் நடுக்கம். பக்கத்துக் கட்டில் ஹம்ஸியா தன் போர்வையையும் போர்த்திவிட்டு, "நிப்பாட்டச் சொல்லவா?" என்பாள்.

"சும்மா இரு புள்ள. மலைப் பனிக்கே நடுங்காதவ, இதுக்கா?" பல் தந்தியடிக்கத்தான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தும் மாதக்கணக்கில் மாத்திரை. ஒன்றைக்கூட விடவில்லை. மறு வருஷம் மலைக்கு வந்தபோது கங்காணி, "காலையில பெரட்டுல பேர் கூப்பிடறப்ப சொல்லி லேசான வேல வாங்கித் தாறேன்" என்றார்.

"கால் வலிச்சா நீங்க வாங்கிக்கங்க" என்று கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு நிரையில் நுழைந்தாள்.

அதன்பிறகு அந்த மலையில் எவள் தலையைப் பிடித்தாலும் கயிற்று வலி என்று யாரும் வாய் திறக்க முடியாது. ஜீவராணி முந்திக்கொள்வாள்: "கூடைய எறக்கு. ஞாயித்துக்கெழமையும் வலிக்குதா, அதச் சொல்லு."