வெள்ளவத்தையின் வயிற்றுவலி

யுத்த காலத்தில் கொழும்பு ஆஸ்பத்திரியொன்றில், சாக முயன்று தப்பியவர்களிடம் காரணம் கேட்கும் ஆய்வில் வேலை செய்தேன். ஆய்வை நடத்திய டொக்டர் யாழ்ப்பாணத்தவர். வெள்ளவத்தைத் தமிழரிடையே இது மிகக் குறைவு என்று கண்டுபிடித்திருந்தார். "எங்கட ஆக்கள் படிச்ச ஆக்கள்தானே" என்று பெருமை வேறு. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்கள் சாக முயல்வதில்லை. அவர்களுக்கு வயிற்றுவலி வரும், அவ்வளவுதான்.

அந்த வாரமும் ஒரு வயிற்றுவலி வந்தது. கனடா மாப்பிள்ளையிடம் போகும் விசாவுக்காக வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தாயோடு காத்திருந்த பெண். நான் அவளிடம் எதைக் கேட்டாலும் தாய்தான் பதில் சொன்னார்.

"வயித்துக்குத்து. வேற ஒண்டுமில்லை."

சாக முயல்வது சட்டப்படி குற்றமாயிருந்த காலம். யாழ்ப்பாண அடையாள அட்டையோடு பொலிசுக்கு முன்னால் நிற்க யாருக்குத்தான் ஆசை? அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தாய் பொலிசுக்குப் பயந்ததைவிடக் கனடாவுக்குத்தான் அதிகம் பயந்தார். மனநல டொக்டரிடம் காட்டச் சொன்னபோது கையெடுத்துக் கும்பிட்டார்.

"தங்கச்சி, விசர் எண்டு பேர் வந்தால் இவளை ஆர் கட்டுவினம்?"

மறுநாள் துண்டு வெட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டுப் போக ஏற்பாடாகிவிட்டது. யாரும் எதுவும் கேட்காமலே அந்தப் பெண் அதே லொட்ஜ் அறைக்குத் திரும்பப் போகிறாள்.

பின்னேரம் உறவினர்கள் ஹோர்லிக்ஸ் போத்தலும் திராட்சையுமாக வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, யார் யாருக்கு விசா கிடைத்தது என்று கதைத்தார்கள். சாகப் பார்த்தவளைப் பார்க்க வந்தவர்கள் கதைக்கிற கதை! பெரியம்மா ஒருவர் கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"இப்ப வயித்துவலி எப்பிடிப் பிள்ளை?"

"எனக்கு வயித்துவலி இல்லை, பெரியம்மா. நான் சாகத்தான் பாத்தனான்."

தாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். இனியாவது யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்று பார்த்தேன். பெரியம்மா குனிந்து அவள் காதருகே சொன்னார்.

"மெல்லக் கதை பிள்ளை. பக்கத்துக் கட்டில் மாளிகாவத்தை முஸ்லிம் ஆக்கள். அவைக்குத் தமிழ் விளங்கும்."

"நீங்கள் எழும்புங்கோ" என்றேன். அவர் முகத்தைச் சுளித்தபடி எழுந்தார். அந்தக் கதிரையில் நான் உட்கார்ந்து, "ஏன் பிள்ளை?" என்று கேட்டேன்.

தாய் வாய் திறக்குமுன் அவளே கதைக்கத் தொடங்கினாள்.