துலிமுஸுக்குப் பிறகு வந்த சொல்

என் மனைவி லோகேஸ்வரி ஒரு தனியார் பள்ளியில் நூலக உதவியாளர். புத்தகத்துக்கு அட்டை போட்டுவிட்டு அடுக்கி வைக்க வேண்டியவள், ஒன்றைத் திறந்து படித்துவிட்டாள். அன்று பிடித்தது லத்தீன். ஏழு வருடமாக எங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட்டில் சாம்பாரும் லத்தீனும் ஒன்றாகத்தான் கொதிக்கின்றன. வினைச்சொற்களின் வடிவங்களை வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ராகம் போட்டு, தலையை ஆட்டி ஒப்பிப்பாள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு, முதலிலிருந்துதான் தொடங்குவாள். நான் பஸ் ஓட்டுகிறவன். கிண்டல் செய்தே காலத்தை ஓட்டினேன்.

இந்த வருடம் பிரின்சிபல் காமாரியா ஒரு வாக்குக் கொடுத்தார். சான்றிதழ் வாங்கிவிட்டால் ஜனவரியிலிருந்து சின்ன வகுப்புகளுக்கு லோகேஸ்வரிதான் லத்தீன் டீச்சர். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். கணினி வழியாக வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி. அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் தேர்வு ரத்து, மூன்று வருடம் திரும்ப எழுத முடியாது. அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்த வேலை அதுவரை காத்திருக்காது.

சனிக்கிழமை காலை என்னை வெளியே நடைபாதையில் காவலுக்கு நிறுத்தினாள். காய்கறி லோரிக்காரன் மைக்கில் கத்தினால் ஓடிப்போய் நிறுத்தச் சொல்ல வேண்டும். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"ஃபெர்ரே. பொருளும் மூலமும் சொல்லுங்கள்" என்றார் தேர்வாளர் அம்மையார்.

சுமப்பது, தாங்குவது என்றாள் இவள். அதே வேர் சமஸ்கிருதத்திலும் உண்டு, தமிழில் புழங்கும் 'பாரம்' அந்த வழியாக வந்ததுதான், இறந்தகால வடிவம் மட்டும் வேறொரு பழைய வினையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று தடங்கலில்லாமல் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"'அவர்கள் சுமந்தார்கள்' என்பதற்கு என்ன?"

நான், நீ, அவன் என்று போகும் வரிசையில் அது கடைசி. நேராகத் தாவிப் போக இவளுக்கு வராது. கண்ணை மூடி முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

"நிறுத்துங்கள். உங்கள் உதடு அசைகிறது. பின்னால் ஜன்னலில் ஒருவர் உதடும் அசைகிறது. யார் அவர்?"

என்னை அறியாமல் நானும் கூடவே ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உள்ளே கூப்பிட்டார். "உங்களுக்கு லத்தீன் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர்தான் பார்த்துவிட்டாரே. "தெரியும் மேடம். படிச்சதில்ல. இவங்க டெய்லி குசினியில சமைக்கிறப்ப சொல்லிச் சொல்லி என் காதுல ஏறிப்போச்சு" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். லோகேஸ்வரியின் முகம் வெளுத்துவிட்டது.

அம்மையார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "இரண்டு முகமும் எனக்குத் தெரியும்படி உட்காருங்கள். லோகேஸ்வரி சத்தமாகச் சொல்லட்டும். உங்கள் உதடு அசைந்தால் தேர்வு ரத்து" என்றார்.

"துலி, துலிஸ்தி, துலித், துலிமுஸ்..."

நின்றுவிட்டாள்.

அடுத்தது துலிஸ்திஸ். எனக்குத் தெரியும். சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். இருமல் வந்தால்கூட ஏழு வருட உழைப்பு போய்விடும்.

அவள் கண்ணை மூடினாள். மறுபடியும் முதலிலிருந்து, மெதுவாக. அம்மையார் தடுக்கவில்லை. துலிமுஸ் வந்தது. மூச்சை இழுத்துவிட்டாள். "துலிஸ்திஸ். துலேருன்ட்."

அதற்குப் பிறகு இன்னும் மூன்று வினைகள் கேட்டார். எல்லாவற்றையும் முதலிலிருந்தே சொல்ல விட்டார். கடைசியில் தேர்ச்சி என்று சொல்லிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார்.

லோகேஸ்வரி சிரிக்கவில்லை. "நான் நின்னப்ப உங்களுக்குத் தெரிஞ்சுச்சுதானே?"

"தெரிஞ்சுச்சு."

"கிளினிக்ல எங்க வலிக்குதுன்னு டாக்டர் என்னைக் கேட்டாக்கூட நீங்கதான் பதில் சொல்வீங்க. இருபத்தாறு வருஷமா அப்படித்தான். இன்னிக்கும் சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன் லா."

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று பட்டது. மூடிக்கொண்டு காத்திருந்தேன்.