பொட்டலத்தில் முள் இல்லை

டொமிட்டிலா இறந்த பன்னிரண்டாம் நாள், அவள் கணவர் ஹசிந்தோ கொல்லையில் நின்ற தெஹோகோத்தே என்ற முள் பழமரத்தை வெட்டக் கோடரி தீட்டினார். அதன் வேர்தான் அவளைக் கொன்றது என்று கல்பான் என்ற அந்த மலையூர் முழுக்கப் பேச்சு. உடம்பு இளைக்க வேர்த்துண்டு தின்றாள். நான்காம் நாள் வாந்தி. பிறகு நாடி விட்டு விட்டு அடித்து அடங்கியது. செத்தவர்களுக்கு வீட்டில் படையல் வைக்கும் இறந்தோர் நாள் நெருங்கிவிட்டது. இந்த வருடப் படையலில் அந்தப் பழம் கிடையாது என்றுவிட்டார் ஹசிந்தோ.

நாற்பது வருடம் அந்தப் பழத்தை விற்றவள் டொமிட்டிலா. மணிக்கட்டு வரை முள் கீறிய தழும்பு. ஓர் இலையைக் கொடுத்தால் போதும். காம்புப் பக்கம் குறுகி, மேல்பாதியில் பல் பல்லாக இருக்கிறதா என்று தடவிச் சொல்லிவிடுவாள். சந்தையில் ஒருவன் இது குட்டி ஆப்பிள்தானே என்று சீண்டியபோது, மஞ்சள் பழம் ஒன்றைக் கடித்து விதைகளை உள்ளங்கையில் துப்பிக் காட்டினாள். “எண்ணிக்கோ மவராசா. ஆப்பிளுக்குள்ள இப்படிக் கல்லு இருக்குமா?”

அப்படிப்பட்டவள் தெஹோகோத்தே வேர் என்று விற்ற பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்கினாள். வீட்டிலேயே மரம் இருக்க ஏன் என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாளாம்: “மரம் காய் புடிச்சுப் புள்ளத்தாச்சியா நிக்குது. இப்பப் போயி வேர்ல கத்தி வெக்கறதா?”

மகள் ஒத்திலியா நகரத்தில் ஆய்வகத் தொழில்நுட்பர். மிச்சமிருந்த ஏழு துண்டுகளை எடுத்துப்போய் மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தாள். பால் ஓடிக் காய்ந்த குழாய்கள். தெஹோகோத்தேவுக்குப் பால் கிடையாது. மற்றச் சோதனைகளும் ஒன்றையே சொல்லின: மஞ்சள் அரளி. கல்பானின் உறைபனியில் அது வளராது. கீழே, வெப்ப பூமியில் வளர்வது.

நகரத்துப் பேருந்து நிலையத்தில் நின்ற மஞ்சள் அரளியில் ஒரு கிளை ஒடித்துக்கொண்டு ஊர் வந்தாள். அப்பா கோடரியோடு நிற்க, மரத்தடியைத் தோண்டிச் சுண்டுவிரல் பருமனில் ஒரு வேரை அறுத்தாள். கெட்டி, பழுப்பு, ஒரு சொட்டுப் பால் இல்லை. பிறகு அரளிக் கிளையை முறித்தாள். வெள்ளையாகப் பால் சொட்டியது.

ஹசிந்தோ இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்போ இந்த மரம் இல்ல.”

“இல்லப்பா.”

“முள்ளப் பாத்தே சொல்றவ. எப்படி ஏமாந்தா?”

“பொட்டலத்துல முள்ளு ஏது, இலை ஏது? தோல் சீவுன வெள்ளைத் துண்டு. அவளுக்கே சந்தேகம்தான். அதான் போன்ல என்கிட்ட கேட்டா.”

அவர் நிமிர்ந்தார். இது அவருக்குத் தெரியாது.

“வேலையா இருந்தேன்பா. நம்ம மரந்தானேம்மா, ஒண்ணும் பண்ணாதுன்னுட்டேன். ஒரு படம் அனுப்புன்னுகூடக் கேக்கல.”

ஹசிந்தோ கோடரியின் விளிம்பை விரலால் தடவினார்.

“இப்ப நான் எதை வெட்டட்டும்?” என்றார்.

கோடரியை மரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். ஒத்திலியா படையலுக்குப் பழம் பறிக்கத் தொடங்கினாள். முட்கள் கையைக் கிழித்தன. கூடை நிறைந்து வழிந்தும் பறித்துக்கொண்டிருந்தாள். போதும் என்று சொல்ல உள்ளிருந்து யாரும் வரவில்லை.